கறுத்தப் பான்கேக்

அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரியவந்தபோது எங்கள் வீட்டில் ஒரு தேக்கரண்டி சீனிகூட இருக்கவில்லை. பொருளாதாரத் தடை அதை வன்னிக்குள் விடவில்லை. தப்பித் தவறி வந்ததும் எங்கள் கைக்கு எட்டாத விலையில் இருந்தது. பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடிப்பதுதான் எங்கள் வழக்கம். ஆகவே மருந்தகத்து டொக்டர் ஐயா விஷயத்தைச் சொன்னதும் அம்மா அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணாலை காணாத சீனி எப்பிடி ஐயா எனக்குள்ளை போனது?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் அடுத்துச் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மருந்துக் குளிசை ஒழுங்காக வராது. வருவதையும் எல்லா நோயாளிகளுக்கும் பங்கு போட்டுத்தான் தரவேண்டும். சாப்பாட்டால்தான் இந்த வருத்தத்தைப் பிடித்து வைக்கலாம். பிடிக்காவிட்டால் காலில் ஒரு சின்னப் புண் வந்தாலும் மாறாது; காலை எடுக்க வேண்டிவரும், அதற்கு மேலும் போகலாம். "அம்மான்ரை கால் இனி உம்மடை கையிலை," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த மனிதரில் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் அந்த ஒரு வசனத்துக்காக அவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

அப்போது தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு தென்னங்காணியின் மூலையில் கொட்டில் போட்டு இருந்தோம். எங்கள் சொந்த இடம் முல்லைத்தீவுக் கடற்கரை. இராணுவ முகாம் கரையைப் பிடித்துக்கொண்ட பிறகு கடற்கரைச் சனமெல்லாம் உள்ளே ஒதுங்கியது. அப்பா அதற்கு முன்பே கடலுக்குப் போய்த் திரும்பி வராமல் விட்டவர். மிஞ்சியவர்கள் அம்மா, நான், எனக்கு இளையவனான தம்பி. நான் அருகிலிருந்த பாலர் பாடசாலையில் படிப்பித்தேன். படிப்பித்தேன் என்று பெரிதாகச் சொல்கிறேன். பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் வரிசையாக இறக்கவும் ஏற்றவும் பழக்கினேன் என்பதுதான் உண்மை.

நிவாரணத்தில் எங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கோதுமை மா. அமெரிக்கன் மா என்போம். வெள்ளை வெளேரென்று இருக்கும், சில வேளை புழுவும் இருக்கும். காலையில் அதில் ரொட்டி, இரவில் அதில் பிட்டு, அடுத்த நாள் மாற்றத்துக்காக இரவில் ரொட்டி, காலையில் பிட்டு. அம்மாவுக்கு ஆகாத சாப்பாடுகளைச் சொல்லத் தொடங்கிய டொக்டர் ஐயா முதலில் சொன்னதே அந்த மாவைத்தான். கேழ்வரகு எனப்படும் குரக்கன், தவிடு போக்காத சிவப்பரிசி, தோலோடு பயறு என்று அவர் ஆகும் சாப்பாடுகளைச் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போனது.

எங்கள் கரையில் குரக்கன் சாப்பிடும் பழக்கம் இல்லை. சோறும் மீனும், மீனும் சோறும். குரக்கனைப் பற்றிக் கேட்டால், "அது காட்டுக்கரைச் சனத்தின்ரை சாப்பாடெல்லோ," என்று ஒரு முகச்சுளிப்போடு சொல்வோம். அப்படிச் சொன்ன வாய்களுக்குத்தான் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாமல் போயிருந்தது. ஆனாலும் சுளிப்பு மட்டும் இடம்பெயர்ந்து கூடவே வந்திருந்தது.

குரக்கன் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிடைத்தது. அங்கே மலையகத்திலிருந்து வந்து குடியேறி, பிறகு எங்களைப் போலவே இரண்டு மூன்று இடம் மாறிய குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய உறவினர்கள் நெடுங்கேணிப் பக்கம் காடு வெட்டிக் குரக்கன் விதைத்தார்கள். எங்களிடம் கருவாடு வரும்போது நாங்கள் வேலியால் கருவாடு நீட்டுவோம், அவர் குரக்கன் நீட்டுவார். "கொரக்கனு சாப்பிட்டா ஒடம்புக்குத் தெம்பும்மா," என்று அவர் சொல்லும்போதெல்லாம் அம்மா மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து சிலுவை போட்டுக்கொள்வார்.

முதன்முதல் சுட்ட ரொட்டியை அம்மா ஒரு வாய் கடித்துவிட்டு வெளியே போய்த் துப்பினார். பற்களில் மண் நெறுநெறுத்தது. குரக்கனைத் தண்ணீரில் அலசி அலசி மண்ணை அடியில் நிற்கவிட்டு மேலே இருக்கும் மணியை மட்டும் கைவிரலால் வழித்தெடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

"கடற்கரை மண்ணை விட்டிட்டு வந்தது போதாதெண்டு இப்ப காட்டு மண்ணைத் தின்னச் சொல்லுறாய்."

"மண்ணிலை சீனி இல்லை அம்மா, விழுங்குங்கோ," என்றேன். எனக்கும் வாய் சும்மா இராது.

அடுத்த முறை மண் இல்லை, ஆனால் ரொட்டி தட்டும்போதே பிளந்தது. அதற்கடுத்த முறை கூழ் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அம்மா தன் வாழ்நாளில் முதன்முதலாகத் தனக்குப் பசிக்கவில்லை என்றார். ஒவ்வொரு நாளும் நான் பாலர் பாடசாலையிலிருந்து வரும்போது குசினிக்குள் வெள்ளை ரொட்டியின் மணம் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் மருந்தகத்துக்குப் போவோம். இரத்தம் சோதிக்க வசதி இல்லாததால் டொக்டர் ஐயா கண்ணாடிக் குழாயில் நீல நிற மருந்தை விட்டு, அதில் அம்மாவின் சிறுநீரைச் சில துளி சேர்த்து, விளக்கில் காய்ச்சுவார். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் கொஞ்சம் சீனி, மஞ்சளானால் கூடுதல். அம்மாவுடையது கொதி வந்ததும் செங்கட்டி நிறத்துக்குப் போய் நிற்கும். ஆளையாள் பாராமல் வீட்டுக்கு வருவோம்.

நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்துக்குப் பான்கேக் செய்ய வேண்டும். முட்டை, பால், வெள்ளை மா எல்லாம் அடித்துக் கரைத்து, மெல்லிசாகச் சுட்டு, உள்ளே தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டுவது. இப்போதோ முட்டையும் பாலும் சர்க்கரையும் இல்லை, வெள்ளை மா கூடாது. அப்படியென்றால் பான்கேக்கில் மிச்சம் என்ன என்று ஒருநாள் கோபத்தில் யோசித்தேன். கரைத்து ஊற்றுவது மிச்சம், தேங்காய்ப்பூ மிச்சம். குரக்கன் கையால் தட்டினால்தானே பிளக்கிறது, ஊற்றினால்?

பல நாள் மினக்கெட்டுத்தான் பதம் வந்தது. குரக்கனைக் கழுவி, பாயில் காயவிட்டு, கமகமக்கும்வரை மட்டும் வறுக்க வேண்டும். ஒரு கணம் கூடினாலும் கசக்கும். சிவப்பரிசியை ஊறவைத்து வடித்து, உரலில் இடித்து, அரிதட்டில் நிற்கும் கப்பியைக் கொட்டாமல் மறுபடி இடித்துச் சேர்க்க வேண்டும். பயறையும் உளுந்தையும் தோலோடு வறுத்துத் திரிகையில் அரைக்க வேண்டும். ஒரு பிடி எள்ளு. உளுந்து குறைந்தால் கல்லில் ஒட்டும், கூடினால் நூல் மாதிரி இழுபடும். எல்லாவற்றையும் கலந்து பழைய பால்மா ரின்னில் அடைத்து வைத்தால் சாமான் ரெடி. தண்ணீர் விட்டுக் கரைத்து, உப்பு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கை நிறையத் தேங்காய்ப்பூ போட்டு, கத்தரிக்காய்க் காம்பால் கல்லுக்கு எண்ணெய் தடவி ஊற்றிவிட வேண்டியதுதான். ஷெல் அடித்து ஓட வேண்டி வந்தாலும் ரின்னைத் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

தம்பிதான் முதலில் சாப்பிட்டான். "அக்கா, இது கறுத்தப் பான்கேக்," என்று பெயரும் வைத்தான். அம்மா அவன் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து, சந்தேகத்தோடு வாயில் வைத்து, மெதுவாகச் சப்பினார். இன்னொரு துண்டு பிய்த்தார். பிறகு தம்பியின் தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. காலையில் நான் அடுப்பு மூட்டும்போதே பலகையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். ஓரம் முறுகலாக வேண்டும், நடு மெத்தென்று வேண்டும், வெங்காயம் கூடப் போடு, நேற்றுப் போட்டது காணாது என்று ஆயிரம் கட்டளைகள். கடற்கரைச் சனம் யாராவது வந்தால் ஒரு துண்டு கொடுத்து, அவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். "உங்களுக்கு இதின்ரை ருசி விளங்காது," என்பார், தான் பிறந்ததிலிருந்தே குரக்கன் சாப்பிட்டவர் மாதிரி. குழாயில் செங்கட்டி நிறம் மஞ்சளானது. மஞ்சள் பச்சையானது. எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கால் தப்பிவிட்டது என்று நம்பினேன்.

தைப்பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் தம்பி போராட இயக்கத்துக்குப் போய்விட்டான். எங்களிடம் சொல்லாமல் காலையில் சைக்கிளில் போனான்; சைக்கிளைப் பின்னேரம் வேறு யாரோ கொண்டுவந்து வேலியில் சாத்திவிட்டுப் போனார்கள். அம்மா குழறி அழவில்லை. அழுதுகொண்டிருந்த என்னைத்தான் ஏசினார். "அவன் போனது போனதுதான். இனி அவனைத் திருப்பித் தாறது ஆண்டவற்றை வேலை. நாங்கள் செய்யிறதைச் செய்வம்." நாங்கள் செய்யக்கூடியது செபம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா நினைத்தது வேறு.

தவக்காலம் வந்தது. அது எங்கள் வீட்டில் விளையாட்டு இல்லை. விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டர்வரை ஆளுக்கொரு ஒறுத்தல் எடுக்க வேண்டும்: பிடித்த ஒன்றை விட வேண்டும். எதை விட்டோம் என்று வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் பலன் இல்லை. அப்பா சுருட்டை விடுவார். அவர் எரிந்து விழுவதை வைத்துத்தான் நாங்கள் கண்டுபிடிப்போம். அம்மா மீனை விடுவார், வீட்டில் மீன் குவிந்து கிடக்கும்போது. பிடிக்காததை விடுவதும் இல்லாததை விடுவதும் ஆண்டவரை ஏமாற்றும் வேலை என்பது அவருடைய கட்சி. ஒரு முறை நான் பாகற்காயை விடுவதாகச் சொன்னதற்கு வாங்கிய குட்டு இப்போதும் தலையில் இருக்கிறது.

அந்தத் தவக்காலத்தில் அம்மா மெலிந்தார். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை இருந்ததால் மருந்தகத்துக்கு வரவில்லை. "ஈஸ்டர் முடியட்டும், வாறன். இப்ப பச்சையிலைதானே நிக்குது," என்றார். எங்கள் கோயில் வளவில் சிலுவைப்பாதையை வெறுங்காலோடுதான் சுற்றுவார்கள், அம்மாவும் சுற்றினார். நான் காலையில் அம்மாவின் பான்கேக்கைச் சுட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். பலகை போட்டு முன்னுக்கு உட்காரும் வழக்கத்தை அவர் விட்டிருந்தார். காலைச் செபம் நீண்டுவிட்டது என்றார். நான் திரும்பி வரும்போது தட்டுக் கழுவிக் கவிழ்த்திருக்கும். ஒரு மனிதர் கழுவிய தட்டைப் பார்த்து வேறு என்னதான் நினைப்பது?

பரிசுத்த வாரம் தொடங்க இருந்தபோது கொட்டிலுக்குள் ஒரு மணம் வந்தது. கருவாடு பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். மழைத் தூறல் பட்டால் கருவாடு அப்படித்தான் மணக்கும். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன், நன்றாகத்தான் இருந்தது. பரணில் தேடினேன், எலி செத்திருக்குமோ என்று அடுப்படியைப் புரட்டினேன். அம்மா பாயில் இருந்தபடியே, "ஒண்டும் மணக்கேல்லை, உனக்கு மூக்கு நீளம்," என்றார். அப்போதுதான் கவனித்தேன், அவர் காலைச் சேலைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு இருந்தார்.

சேலையை நான் பலவந்தமாகத்தான் விலக்கினேன். குதிக்காலில் ஈச்சமுள் ஏறி, உள்ளேயே முறிந்து, அதைச் சுற்றிப் பாதம் முழுவதும் கருநீலமாக வீங்கியிருந்தது. பெருவிரல் கறுத்துவிட்டது. பழைய துணியால் சுற்றி வைத்திருந்தார். "நோகேல்லைப் பிள்ளை, சத்தியமா நோகேல்லை," என்றார். அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. நொந்திருந்தால் முதல்நாளே சத்தம் போட்டிருப்பார்.

வண்டி பிடிக்க வெளியே ஓடியபோது வேலிக்கரையில் அக்கா நின்றார். நாலாவது பிள்ளைக்கு வயிறு நிறைந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் எங்கள் வீட்டுத் தட்டு ஒன்றை வைத்திருந்தார்.

"என்னாச்சு புள்ள? நேத்து அம்மா குடுத்த தட்டு இங்கேயே இருந்திருச்சி, குடுக்கலாம்னு வந்தேன்."

"அம்மா என்ன தந்தவா?"

"பான்கேக்குதான். தெனம் காலையில குடுக்குறாங்களே. வயித்துப் புள்ளைக்கு நல்லதுன்னாங்க. எனக்கே ஒரு மாதிரியா இருந்திச்சி, வேணாம்மா, நீங்க சாப்பிடுங்கன்னேன். ஈஸ்டரு வரைக்கும் நான் தொடமாட்டேன், விரதம், ஒங்க பொண்ணுகிட்ட சொல்லிறாதன்னாங்க. விரதம்னா நாம என்னா பேசுறது?"

அவரில் கோபிக்க ஒன்றுமில்லை. அவர் பக்கத்திலும் விரதம் என்றால் கேள்வி கேட்கமாட்டார்கள். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சமானது. தவக்காலம் தொடங்கிய நாளிலிருந்து நான் போனதும் அம்மா பான்கேக்கை வேலியால் நீட்டிவிட்டு, எல்லாருக்கும் தொண்டைவரை வெறுத்துப்போன அமெரிக்கன் மாவில் ரொட்டி சுட்டுத் தின்றிருக்கிறார். வெறும் ரொட்டி, சம்பல்கூட இல்லாமல். நானும் அந்த மாவைத்தான் தின்றதால் மணம் காட்டிக்கொடுக்கவில்லை. சீனி வருத்தக்காரி வெள்ளை மாவைத் தவம் என்று தின்றது உலகத்தில் வேறெங்காவது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி அம்மாவைப் படுக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மண்ணெண்ணெய்ப் புகையும் குலுக்கலுமாக ரோட்டெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். வாயை அடக்கியிருந்தால் எனக்கு ஏதாவது ஆகியிருக்கும்.

"மீனை விட்டிருக்கலாமே?"

"மீன் எங்கையடி கிடக்கு, விடுறதுக்கு?"

"தேத்தண்ணியை விட்டிருக்கலாமே?"

"அது சுடுதண்ணி. பாலும் இல்லை, சீனியும் இல்லை. அதை விட்டா ஆண்டவர் சிரிப்பார்." வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "யோசிச்சுப் பாத்தனான் பிள்ளை. என்னட்டை எனக்குப் பிடிச்சதெண்டு இருந்தது நீ சுடுற அது ஒண்டுதான்."

அம்மா சொன்னது கணக்குப்படி சரி. வீடு, கடல், மீன், சவர்க்காரம், பால்மா, மகன் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. பெரிய ஆட்கள் கூடியிருந்து எங்களிடமிருந்து என்னவெல்லாம் எடுக்கலாம் என்று முடிவு செய்து எடுத்த பிறகு, ஆண்டவருக்கு என்று கொடுக்க அவரிடம் மிஞ்சியிருந்தது ரின்னுக்குள் கிடந்த அந்த மா ஒன்றுதான். அதை ருசியாகச் செய்தது என் பிழை என்று சொந்தக்காரர் ஒருவர் பிறகு பகிடியாகச் சொன்னார். பிழை என்று நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்த மனிதரோடு கதையும் இல்லை.

பெரிய வெள்ளிக்கிழமையன்று முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். பங்குச் சுவாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அம்மா மயக்கம் தெளிந்து கிடந்தார். நான் சுவாமியாரிடம் நேராகவே கேட்டேன், இப்படியும் ஒரு ஒறுத்தல் உண்டோ என்று. பாவம், அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"வருத்தக்காரருக்கு ஒறுத்தல் கடமையில்லை எண்டு பூசையிலை எத்தினை தரம் சொன்னனான் அம்மா. கேட்டனீங்கள்தானே?"

"கேட்டனான் சுவாமி. வருத்தக்காரருக்கு எண்டுதானே சொன்னீங்கள். தாய்மாருக்கு எண்டு சொல்லேல்லையே," என்றார் அம்மா, குழறிய நாக்கோடு.

ஈஸ்டருக்கு அடுத்த கிழமை தம்பி வந்தான். ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை. வெயிலில் கறுத்து, தலைமயிர் ஒட்ட வெட்டி, அம்மாவின் கட்டில் விளிம்பில் இருந்து போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்க்காமல் எங்கெங்கோ பார்த்தான். முள் ஏறினது என்று மட்டும் அம்மா அவனிடம் சொன்னார். கையைப் பிடித்து, முழங்கையைத் தடவி, காயம் ஏதும் இருக்கிறதா என்று சட்டையைத் தூக்கிப் பார்த்தார். அவன் போனதும் என் பக்கம் திரும்பினார். வென்றுவிட்ட முகம்.

"பாத்தியே? ஒரு கீறல் இல்லை."

நான் தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன். ஆண்டவரோடு எனக்குக் கோபம். அம்மாவோடு அதைவிடக் கோபம். காலைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிவிட்டதாக அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை; அதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

கட்டைக் கால் பொருத்தக் கிடைக்கவில்லை. ஊன்றுதடி இரண்டு கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் பான்கேக் மறுபடி தொடங்கியது. அம்மா பழையபடி அடுப்படியில் இருந்து கட்டளை போட்டார். டொக்டர் ஐயா மற்றக் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பாதம் இப்போதே குளிர்கிறது, இதற்கும் உணர்ச்சி குறைவு, இனி ஒரு முறை சீனி ஏறவிட்டால் இதையும் காப்பாற்ற முடியாது, ஆளையும் காப்பாற்ற முடியாது என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இந்தமுறை என் கையிலை என்று சொல்லவில்லை.

மாரி தொடங்கி வெள்ளம் நின்ற நாளொன்றில் தம்பியின் சவப்பெட்டி வந்தது. திறக்கக்கூடாது என்றார்கள். ஊன்றுதடி சேற்றில் புதைய, அம்மா அதன் அருகே போய், பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அக்கா பிறந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து ஒப்பாரி சொல்லி அழுதார். அம்மா அழவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தடியை ஊன்றி ஊன்றிப் போய் வந்தார். வீட்டில் செபமாலை சொல்லும்போது நான் முதற்பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன்; சில நாள் அம்மா சொல்லவேண்டிய மறுபாதி வராது.

தவக்காலம் கிட்டக் கிட்ட எனக்குத் தூக்கம் போய்விட்டது. மகன் செத்துவிட்டான், இந்தமுறை அவனுடைய ஆன்மாவுக்காக எதையாவது விடுவார் என்று நினைத்தேன். எங்கள் சனம் அப்படித்தான். அவரிடம் விடுவதற்கு இன்னமும் அந்த ஒன்றுதான் இருந்தது. தடுத்துச் சொன்னால் கேட்பவரில்லை. பக்கத்தில் காவல் இருக்க என் வேலை விடாது. ஆகவே நான் வேறு ஒன்று செய்தேன். விபூதிப் புதனுக்கு இரண்டு கிழமை இருக்கும்போதே ருசியைக் கெடுக்கத் தொடங்கினேன். குரக்கனைக் கசக்கும்வரை வறுத்தேன். எள்ளை நிறுத்தினேன். வெங்காயம், மிளகாய், தேங்காய்ப்பூ ஒவ்வொன்றாக நிறுத்தினேன். கடைசியில் உப்பையும் குறைத்தேன். சுட்டு எடுத்தால் அடுப்புக்கல் மாதிரி இருந்தது. பிடிக்காததை விடுவது ஏமாற்று வேலை என்றுதானே அவருடைய கட்சி. அவருடைய கட்சியை வைத்தே அவருடைய காலைக் காப்பாற்றப் பார்த்தேன்.

அம்மா நான் தந்ததைத் தின்றார். ஓரம் முறுகலாக வேண்டும் என்ற கட்டளை நின்றுவிட்டது.

விபூதிப் புதன் காலையில் கோயிலால் வந்து, நெற்றியில் சாம்பலோடு பலகையில் இருந்தார். தடியைப் பக்கத்தில் கிடத்தினார். நான் தட்டை வைத்துவிட்டு, வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று எதிரே உட்கார்ந்தேன். ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்துச் சப்பினார்.

"எடி பிள்ளை, ஏன் இப்ப கொஞ்ச நாளாத் தேங்காய்ப்பூ போடுறேல்லை?"

"தேங்காய் கிடைக்கிறேல்லை அம்மா."

"தென்னங்காணிக்குள்ளை இருந்துகொண்டு பொய் சொல்லுறாய்."

எனக்கு மறைக்க வரவில்லை. "தவக்காலமெல்லோ அம்மா. ருசியாச் சுட்டா நீங்கள் போனமுறை மாதிரி விட்டிடுவியள். மற்றக் காலும் போயிடும். அதுதான்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரித்தாலும் சிரிப்பார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை.

"இனி ஆருக்காக விடுறது பிள்ளை?" என்றார். "எழும்பிப் போய்த் தேங்காயைத் துருவு."

நான் எழும்பிப் போய்த் தேங்காயை உடைத்தேன். மாவில் கை நிறையத் துருவிப் போட்டு, வெங்காயம் அரிந்து, ஓரம் முறுகலாக இரண்டு சுட்டுக் கொண்டுவந்து வைத்தேன். தவக்காலத்தின் முதல் நாளில், நெற்றிச் சாம்பல் அழியாமலே, அம்மா இரண்டையும் மிச்சம் விடாமல் சாப்பிட்டார். மற்றக் கால் தப்பிவிடும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.